நல்லா இருக்கும்போதே சோதிங்க

சோடா குடிக்கும்போது நாக்கில் லேசாகப் புளிப்பு தட்டுமே, அது தண்ணீரில் கரைந்த கரியமில வாயுவின் வேலை.

காற்றில் சேர்ந்து பூமியைச் சூடாக்கும் இந்த வாயுவைப் பூமிக்கடியில் அடைத்துவைக்கச் சில நாடுகள் முனைந்திருக்கின்றன. 2025-இல் நம் மலேசிய நாடாளுமன்றமும் இதற்கென ஒரு சட்டம் நிறைவேற்றியது. எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸ் வாயுவை அடைக்கும் திட்டம் இருப்பது சரவாக் கடலுக்கடியில். கெடா மாநிலக் கிணறுகளுக்கு அதனால் பயமில்லை.

தரைக்கடியில் அடைக்கும் இடங்களில்தான் கிணற்றுக் கவலை. வாயு கசிந்தால் தண்ணீரில் அமிலம் ஏறும். பாறையிலுள்ள உலோகங்களும் கரைந்து வரலாம்.

கனடாவில் வேபர்ன் என்ற இடத்தில் இப்படி வாயுவைத் தரைக்கடியில் இறக்கியிருந்தார்கள். 2011-இல் ஒரு பண்ணைக் குடும்பம், எங்கள் நிலத்தில் வாயு கசிகிறது என்றது. ஆராய்ந்தார்கள். அது மண்ணிலேயே இயற்கையாக உண்டான வாயு என்று முடிவு வந்தது. அந்தக் குடும்பம் பட்ட பயம் மட்டும் பொய்யில்லை, பாவம்.

அதனால்தான் வாயுவை இறக்கும் முன்பே தண்ணீரைச் சோதிக்க வேண்டும் என்கிறார்கள். முன்பே! மழையில் ஒருமுறை, வெயிலில் ஒருமுறை.

நம் கெடாவில் அந்தப் பயம் இல்லாவிட்டாலும் இது நல்ல பழக்கம். பாலிங், பீடோங் பக்கம் வீட்டில் கிணறு இருக்கிறதா? தண்ணீர் நன்றாக இருக்கும்போதே சோதித்து, முடிவு வந்த தாளைப் பத்திரப்படுத்துங்கள். நாளை ருசி மாறினால் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.