பித்தப்பை நோயும் ஆபரேஷன் பிசகும்

(பாகான் நக்கோடா ஓமார் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சம்பளம், போனஸ், வீடு என்று பேசவேண்டிய மேடையில் வயிற்று வலிக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். தோட்ட ஆபீசில் மருத்துவ விடுப்புச் சீட்டுகளைப் பதியும் எங்களுக்குக் காரணம் தெரியும். "வாயு", "காஸ்ட்ரிக்" என்று ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டு மாதக் கணக்கில் வலியைத் தாங்கி, கடைசியில் கண் மஞ்சளாகி ஆம்புலன்சில் போகிறவர்கள் நம்மில் உண்டு. அவர்களில் தாய்மார்களே அதிகம்.

ஈரலுக்கு அடியில், வலது பக்கத்தில், சிறு கத்தரிக்காய் போல ஒரு பை இருக்கிறது. ஈரல் சுரக்கும் பித்த நீரைச் சேர்த்து வைத்து, கொழுப்புள்ள உணவு குடலுக்கு வரும்போது சுருங்கி வெளியேற்றுவதே அதன் வேலை. கோப்பையில் எடுக்காமல் விட்ட பால் கட்டிப்போவது போல, பித்தமும் தேங்கிக் கெட்டியானால் கல்லாகிறது. நாற்பது வயது கடந்தவர்கள், பல பிள்ளை பெற்ற தாய்மார்கள், உடல் பருத்தவர்கள், நீரிழிவுக்காரர்கள் ஆகியோருக்கு இது அதிகம். பட்டினி கிடந்து வேகமாக உடம்பை இளைக்க வைத்தாலும் வரும். கல் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஆயுள் முழுவதும் ஒரு தொல்லையும் இராது. ஆகவே, ஸ்கேனில் கல் தெரிந்தது என்பதற்காக மட்டும் கத்திக்கு அவசரப்பட வேண்டியதில்லை.

வலி வந்தால் கதை வேறு. விருந்து வீட்டில் ஆட்டுக்கறியும் நெய்யும் சாப்பிட்ட இரவில், மேல் வயிற்றிலோ வலது விலாவின் கீழோ பிடிக்கும். வலது தோள்பட்டைப் பின்புறம் வரை இழுக்கும். குமட்டும். அரை மணியிலிருந்து சில மணி நேரம் நின்று, வந்ததுபோலவே போய்விடும். போய்விடுவதால்தான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். ஆறு மணி நேரம் தாண்டியும் வலி நிற்கவில்லை, காய்ச்சலும் வருகிறது என்றால் பை அழற்சி கண்டுவிட்டது என்று கொள்ளலாம். கண் மஞ்சளாகி, சிறுநீர் தேயிலைச் சாயம் போலவும் மலம் வெளுத்தும் போனால், கல் குழாயில் அடைத்திருக்கக்கூடும். அதோடு குளிரும் நடுக்கமும் சேர்ந்தால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விடியட்டும் என்று காத்திருப்பது உயிருக்கு ஆபத்து.

மஞ்சள் என்றதும் கீழாநெல்லி அரைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. பாட்டி வைத்தியத்தைப் பழிக்க நாம் வரவில்லை. ஆனால் குழாயில் சிக்கிய கல்லை எந்தப் பச்சிலையும் தள்ளிவிடாது. இன்னொன்று: காய்ச்சலும் மஞ்சளும் எலிக்காய்ச்சலிலும் வரும். செம்பனைக் காட்டிலும் வாய்க்காலிலும் வேலை செய்கிறவர்கள், தாம் எங்கே வேலை செய்கிறோம் என்பதை டாக்டரிடம் தவறாமல் சொல்லவேண்டும். மேல் வயிற்று வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் இருந்தால் இருதயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி ஆபரேஷனைப் பற்றி. 1882-இல் பெர்லினில் லாங்கன்புக் என்ற ஜெர்மன் டாக்டர் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றினார். 1985-இல் மற்றொரு ஜெர்மானியர் எரிக் மூஹே சிறு துளைகளின் வழியே அதைச் செய்தார். இன்று பெரும்பாலும் துளை முறைதான். பெரும்பாலோர் ஓரிரு நாளில் வீடு திரும்புகிறார்கள். பிசகு நேர்வது அபூர்வம். ஆயிரத்தில் சில பேருக்கே. ஆனால் நேர்ந்தால் கொடியது. பையின் சிறு குழாயை வெட்டவேண்டிய இடத்தில், ஈரலிலிருந்து குடலுக்குப் போகும் பெரிய குழாயை வெட்டிவிடுவதே அந்தப் பிசகு. அழற்சியால் எல்லாம் ஒட்டிக் கிடக்கும்போது கைதேர்ந்தவர் கண்ணும் ஏமாறும்.

ஏழைக்குத்தான் இப்படி நடக்கும் என்று எண்ணாதீர்கள். 1953 ஏப்ரலில், மலாயாவை பிரிட்டிஷார் ஆண்ட காலத்தில், அவர்களுடைய வெளிநாட்டு மந்திரி அந்தோணி ஈடனுக்கு லண்டனில் இந்த ஆபரேஷன் நடந்தது. குழாய் சேதமாயிற்று. அதே மாதம் மறுபடியும் அறுத்தார்கள், சரியாகவில்லை. ஜூன் மாதம் அமெரிக்காவில் பாஸ்டன் நகரில், குழாயைச் சீர்செய்வதிலேயே பேர்பெற்ற ரிச்சர்ட் கேட்டல் அறுத்த பிறகுதான் பிழைத்தார். 1955-இல் பிரதமரானார். 1956 சூயஸ் நெருக்கடியின் நடுவிலும் பழைய கோளாறு கடுங்காய்ச்சலாகத் திரும்பியது. 1957 ஜனவரியில் உடல்நிலையைக் காட்டிப் பதவி விலகினார். ராஜ வைத்தியம் கிடைத்தவரின் கதை இது. பிசகு நேர்ந்தால் அதைச் சீர்செய்யப் பழகிய கை வேண்டும் என்பது இதில் தெரிகிறது. நம் சிலாங்கூரிலேயே செலாயாங் மருத்துவமனையில் ஈரல், பித்தக் குழாய் அறுவைக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. தேவைப்பட்டால் அங்கே அனுப்பும்படி கேட்பது நம் உரிமை.

கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: குழாயில் கல் இருக்கிறதா? துளை முறை முடியாவிட்டால் வயிற்றைத் திறப்பீர்களா? குழாய் சேதமானால் என்ன செய்வீர்கள்? பாதியில் வயிற்றைத் திறந்தார் என்றால் டாக்டருக்குத் தெரியவில்லை என்று பொருளல்ல; பத்திரமான வழியைத் தேர்ந்தார் என்றே பொருள். பாரம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். நோயாளி அறியவேண்டிய முக்கிய அபாயங்களை டாக்டர் சொல்லியாக வேண்டும் என்று நம் கூட்டரசு நீதிமன்றமே 2006 இறுதியில் தீர்ப்பளித்திருக்கிறது. கைரேகை வைத்துவிட்டுப் பிறகு அழுவது ஏன்?

வீடு திரும்பிய பிறகு வலி நாளுக்கு நாள் குறையவேண்டும். கூடினால், வயிறு உப்பினால், காய்ச்சல் வந்தால், கண் மஞ்சளானால், அடுத்த தவணைத் தேதிவரை காத்திராமல் திரும்பிப் போங்கள்.

"ஆஸ்பத்திரியில் படுத்தால் கூலி போய்விடுமே" என்பதே பலருடைய அச்சம். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஆஸ்பத்திரியில் தங்கவேண்டியிருந்தால் வருடத்தில் 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. சாதாரண நோய் விடுப்பு வேலை செய்த காலத்தைப் பொறுத்து 14, 18 அல்லது 22 நாள். 2023 ஜனவரி முதல் இந்த 60 நாள் அதோடு சேராமல் தனியாகக் கணக்கிடப்படுகிறது. எந்த நிர்வாகமாவது இரண்டையும் கலந்து கழித்தால், சம்பளச் சீட்டையும் ஆஸ்பத்திரிக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு கிளைச் செயலாளரிடம் வாருங்கள்.