சிப்பாய் தந்த தீர்ப்பு

(படிப்பகம் ஒன்றின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மேடைக்கு வரும் துண்டுச் சீட்டுகள் பலவகை. 'சுருக்கிப் பேசுக' என்று ஒன்று வரும். 'ஒலிபெருக்கி கேட்கவில்லை' என்று ஒன்று வரும். 'காணாமற்போன சிறுவன் மேடையருகே இருக்கிறான்' என்றும் வரும். இன்று என் கைக்கு வந்த சீட்டு அப்படிப்பட்டதல்ல. 'மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர் மீது படைவீரனுக்கு நம்பிக்கை இல்லையென்றால் என்ன ஆகும்?' என்று எழுதி, பெயர் போடாமல் அனுப்பியிருக்கிறார் ஒரு தோழர். பேச எண்ணி வந்ததை மூட்டை கட்டி வைத்துவிட்டு, அந்தத் தோழருக்கே இன்று பதில் சொல்கிறேன்.

எண்ணிப் பாருங்கள். கையிலே துப்பாக்கி வைத்திருப்பவன், கையிலே பேனா மட்டும் வைத்திருப்பவனுக்குத் தலை வணங்கி நிற்கிறான். 'போ' என்றால் போகிறான். 'நில்' என்றால் நிற்கிறான். 'விலகு' என்றால் விலகுகிறான். மக்களாட்சியின் மாபெரும் விந்தை இதுதான். அமெரிக்க நாட்டிலே, 1787ல் தீட்டிய அரசியல் சட்டத்திலேயே, மக்கள் தேர்ந்தெடுக்கும் குடியரசுத் தலைவர்தான் படைகளுக்கும் தலைமைத் தளபதி என்று எழுதி வைத்தார்கள். எழுதுவது எளிது. அந்த எழுத்துக்கு ஏற்பட்ட சோதனை எப்படிப்பட்டது என்பதைக் காண, 1861ம் ஆண்டுக்கு என்னோடு வாருங்கள்.

அந்த ஆண்டு மார்ச் 4ம் நாள் ஆபிரகாம் லிங்கன் பதவியேற்றார். நூற்றுக்கு நாற்பது வாக்குகள்கூட முழுமையாகப் பெறாமல், நால்வர் போட்டியில் வென்று வந்தவர். வாழ்நாளிலே எல்லாம் சேர்த்தும் ஓராண்டுகூடப் பள்ளிக்கூடம் சென்றறியாதவர். கல்லூரியைப் பாதியிலே விட்டு வந்த எனக்கு அவர் மீது தனிப் பாசம் உண்டு. நானாவது வாயிலை மிதித்துத் திரும்பினேன். அவர் அந்தப் பக்கமே போகவில்லை! (சிரிப்பு)

அவருடைய படை அனுபவம் என்ன? 1832ல், பிளாக் ஹாக் போரின்போது, சில வாரங்கள் தொண்டர் படையிலே இருந்தார். எதிரியை எதிர்த்துப் போரிட்டதில்லை. கொசுக்களோடு நடத்திய குருதிப் போர்தான் நான் கண்ட போர் என்று, பின்னாளில் பாராளுமன்றத்திலே தம்மைத் தாமே கேலி செய்து கொண்டார். ஆனால் அந்தத் தொண்டர் படையிலே ஒரு செய்தி உண்டு, மறந்துவிடாதீர்கள். அவரைக் கேப்டனாக யாரும் நியமிக்கவில்லை. உடனிருந்த வீரர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள்.

எதிர்ப்புறத்திலே யார்? தென்மாநிலங்கள் தனி அரசு கண்டு தலைவராக்கிக் கொண்ட ஜெபர்சன் டேவிஸ். வெஸ்ட் பாயிண்ட் படைக் கல்லூரியிலே பயின்றவர். மெக்சிகோ போரிலே குண்டடி பட்டவர். போர்த்துறை அமைச்சராகப் பணியாற்றியவர். பட்டமும் பதக்கமும்தான் தலைமைத் தளபதிக்கு இலக்கணம் என்றால் வாகை சூடியிருக்க வேண்டியவர் டேவிஸ்.

லிங்கன் வந்தார், அதிகாரிகள் கலைந்தார்கள். படையிலிருந்த ஏறத்தாழ ஆயிரத்து நூறு அதிகாரிகளில் முந்நூறு பேர் அளவில் விலகித் தெற்கே போய்ச் சேர்ந்தார்கள். இராபர்ட் லீயிடம், ஒன்றியப் படைக்குத் தலைமை தாங்குகிறீரா என்று கேட்டனர். அவர் மறுத்தார், ஏப்ரல் 20ம் நாள் பதவி விலகல் கடிதம் கொடுத்தார், பிறந்த வர்ஜீனியாவின் பக்கம் போனார். அதே வர்ஜீனியாவிலே பிறந்த முதுபெரும் தளபதி வின்ஃபீல்டு ஸ்காட், 74 வயதிலே, குதிரை ஏறவும் இயலாத உடலோடு, கொடியை விட்டு நகர மறுத்தார். ஒரே மண், இரு மனிதர்கள்.

அந்த ஆண்டு ஜூலை 4ம் நாள் பாராளுமன்றத்துக்கு விடுத்த செய்தியிலே லிங்கன் இதை எடுத்துக் காட்டினார். அரசு ஊட்டி வளர்த்த அதிகாரிகள் பெருந்தொகையாக ஓடினார்கள்; ஆனால் ஒரு சாதாரண சிப்பாய், ஒரு சாதாரண மாலுமி கொடியை விட்டு ஓடியதாகத் தெரியவில்லை என்றார். தோள்பட்டையிலே பொன்னிழை மின்னியவர்கள் போனார்கள். தோள்பட்டையிலே துப்பாக்கி மட்டும் சுமந்தவர்கள் நின்றார்கள். அந்தச் சிப்பாய் லிங்கனை நம்பினானா? அப்போது அவனுக்கு லிங்கனைத் தெரியவே தெரியாது. அவன் நம்பியது கொடியை. லிங்கன் மீது நம்பிக்கை பிறப்பதற்கு இன்னும் மூன்றாண்டு ஆக வேண்டியிருந்தது. அதுவரை அவன் மனத்திலே கொலுவிருந்தவர் வேறொருவர்.

ஜார்ஜ் மெக்கிளெல்லன்! 1861 ஜூலை 21ல் புல் ரன் களத்திலே ஒன்றியப் படை ஓடி வந்த பிறகு அழைக்கப்பட்டவர். அப்போது வயது 34. கிட்டத்தட்ட என் வயதுதான். கலைந்து கிடந்த கூட்டத்தைப் படையாக்கினார். அணிவகுக்கச் செய்தார், சோறு, சீருடை ஒழுங்காகக் கிடைக்கச் செய்தார். அவர் குதிரையேறி வந்தால் தொப்பிகள் வானிலே பறந்தன. இதைக் குறைத்துப் பேச மாட்டேன். அந்தப் படை கடைசிவரை படையாக நின்றது என்றால் அதிலே பெரும்பங்கு அவருடையது.

ஆனால் தம்மை ஆளும் தலைவனை அவர் எப்படி எண்ணினார்? மனைவிக்கு எழுதிய கடிதங்களிலே 'மனிதக் குரங்கு' என்று ஏளனம் செய்தார். 1861 நவம்பர் 13ம் நாள் இரவு நடந்ததைச் சொல்கிறேன். நாடகக்காரனாகிய என் கண்ணிலே இக்காட்சி நெடுநாளாக நிற்கிறது. அயலுறவு அமைச்சர் சீவர்டையும், செயலாளர் ஜான் ஹேயையும் அழைத்துக் கொண்டு, தளபதியின் வீட்டுக்கே போகிறார் லிங்கன். தளபதி ஒரு திருமணத்துக்குப் போயிருக்கிறார். காத்திருக்கிறார்கள். ஒரு மணி நேரம் கழித்துத் தளபதி வருகிறார். குடியரசுத் தலைவர் கூடத்திலே அமர்ந்திருக்கிறார் என்று வேலையாள் சொல்கிறான். தளபதி பேசாமல் மாடி ஏறுகிறார். அரைமணி கழிகிறது. மீண்டும் ஆள் அனுப்புகிறார்கள். 'தளபதி படுத்துவிட்டார்' என்று விடை வருகிறது!

வேறொருவராயிருந்தால்? விடிவதற்குள் வேலை போயிருக்கும். வீடு திரும்பும் வழியிலே ஹே கொதித்தார். இந்த நேரத்திலே மரியாதை முறையையும் சொந்தக் கௌரவத்தையும் பார்த்துக் கொண்டிருக்கக் கூடாது என்று அமைதியாகச் சொன்னார் லிங்கன். வெற்றி தேடித் தந்தால் அவருடைய குதிரையையும் பிடித்துக் கொண்டு நிற்பேன் என்று சொன்னதாகவும் சொல்வார்கள்.

வெற்றிதான் வரவில்லை. 'இன்னும் ஆள் வேண்டும், இன்னும் குதிரை வேண்டும்' என்ற தந்திகள்தான் வந்தன. 1862 செப்டம்பர் 17ல் ஆண்டியேட்டம் களத்திலே இருதரப்பிலும் ஏறத்தாழ 23,000 பேர் ஒரே நாளில் மாண்டும், புண்பட்டும், காணாமலும் போயினர். லீயின் படை ஆற்றைக் கடந்து பின்வாங்கியது, மெக்கிளெல்லன் துரத்தவில்லை. வாரங்கள் உருண்டன. நவம்பர் 7ம் நாள், பனி கொட்டும் இரவிலே, அவருடைய கூடாரத்துக்கு ஓர் உத்தரவு வந்தது: பொறுப்பை பர்ன்சைடிடம் ஒப்படைத்துவிட்டு விலகுக!

தோழர்களே, சீட்டு எழுதிய தோழர் கேட்ட கேள்வி நேருக்கு நேர் எழுந்து நின்ற இரவு அது. ஒருபுறம், படை நம்பாத தலைவன். மறுபுறம், படை உயிரினும் மேலாக எண்ணும் தளபதி. வீரர்கள் கண்ணீர் விட்டு அழுதார்கள். தலைநகருக்கே படையை நடத்திச் செல்லுங்கள் என்று கூவியவர்களும் இருந்தார்கள். அவர் கையை அசைத்திருந்தால்? அசைக்கவில்லை. எனக்குத் துணை நின்றதுபோல் பர்ன்சைடுக்கும் துணை நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு ரயிலேறினார். லிங்கனை ஏளனம் செய்தவர்தான், காக்க வைத்தவர்தான். ஆயினும் அந்த இரவிலே அவர் நடந்து கொண்ட முறைக்கு நான் தலை வணங்குகிறேன். நம்பிக்கை வேறு, கடமை வேறு என்பதை அவர் அறிந்திருந்தார்.

அறியாதவர்கள் இருந்தால் என்ன ஆகும்? சிலி நாட்டைப் பாருங்கள். 1970ல் அயெந்தே தேர்தலிலே முதலிடம் பெற்றார். அரசியல் சட்டப்படி யார் வந்தாலும் படை குறுக்கிடாது என்றார் தரைப்படைத் தலைவர் ஷ்னைடர். அவரைக் கடத்த முயன்றவர்கள் அக்டோபர் 22ல் சுட்டார்கள். மூன்றாம் நாள் இறந்தார். பின்வந்த பிராட்ஸ் அதே வழி நின்றார். 1973 ஆகஸ்டிலே விலக நேர்ந்தது. அந்த இடத்திலே பினோசே அமர்ந்தார். மூன்றே வாரம்! செப்டம்பர் 11ம் நாள் குடியரசுத் தலைவர் மாளிகை மீது சொந்த நாட்டு விமானங்களே குண்டு வீசின. அயெந்தே அங்கேயே மாண்டார். பினோசே 1990 வரை ஆண்டார். மெக்கிளெல்லன் ரயிலேறிய அந்தக் காட்சியின் அருமை, சிலியை நினைக்கும்போதுதான் முழுதாகப் புரிகிறது.

லிங்கனுக்கு வருவோம். பர்ன்சைடும் தோற்றார். அடுத்து ஹூக்கர். நாட்டுக்கும் படைக்கும் ஒரு சர்வாதிகாரி தேவை என்று பேசியவர் அவர். அது லிங்கன் காதுக்கும் எட்டியிருந்தது. எட்டியும் அவரையே நியமித்தார்! 1863 ஜனவரி 26ல் ஒரு கடிதம் எழுதினார். நீர் பேசியதை அறிவேன்; அதற்காக அல்ல, அதையும் மீறித்தான் பதவி தருகிறேன்; வெற்றி பெறும் தளபதிகளே சர்வாதிகாரியாக முடியும்; நீர் வெற்றியைக் கொடும், சர்வாதிகாரம் வந்தால் அந்த ஆபத்தை நான் பார்த்துக் கொள்கிறேன் என்பது அதன் கருத்து. கொசுவோடு போரிட்டவர் எழுதிய கடிதம் இது!

இதற்கிடையே சிப்பாயின் உள்ளம் மெல்ல மெல்லத் திரும்பிக் கொண்டிருந்தது. எதனால்? பேச்சினால் என்று சொல்ல எனக்கு ஆசைதான்; பேசிப் பிழைப்பவன் அல்லவா நான்! ஆனால் உண்மை அதுவல்ல. களத்திலே கால் நடுங்கி ஓடியவனுக்குப் படைமன்றம் மரண தண்டனை விதிக்கும். அந்தத் தாள்கள் லிங்கன் மேசைக்கு வரும். நெஞ்சிலே துணிவிருந்தும் கால் ஓடிவிட்டால் பாவம் அவன் என்ன செய்வான் என்று, 'கால் வழக்குகள்' எனப் பெயரிட்டு, பலருக்கு உயிர்ப்பிச்சை கொடுத்தார். முகாம்களுக்குப் போனார். மருத்துவமனைகளிலே படுக்கை படுக்கையாக நின்று கைகுலுக்கினார். 1864 ஜூலையிலே எதிரிகள் தலைநகரின் விளிம்புக்கே வந்தபோது, ஸ்டீவன்ஸ் கோட்டை மதில் மீது ஏறி நின்று குண்டு பறக்கும் களத்தைப் பார்த்தார். செய்தி முகாம்தோறும் பரவியது.

குறையே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். 1863 ஜனவரி முதல் நாள் அடிமை ஒழிப்புப் பிரகடனம் நடைமுறைக்கு வந்தபோது, வெள்ளைச் சிப்பாய்களிலே பலர் முணுமுணுத்தார்கள். இதற்காகவா நாங்கள் சேர்ந்தோம் என்று கேட்டார்கள். அந்தப் பிரகடனத்தை நம்பிப் படையிலே சேர்ந்த கறுப்பின வீரர்களுக்கோ, அதைவிடக் கொடிய குறை இருந்தது. வெள்ளை வீரனுக்கு மாதம் 13 டாலர். கறுப்பு வீரனுக்கு 10. அதிலும் துணிக்கு 3 டாலர் பிடித்தம். ஒரே களம், ஒரே குண்டு, ஒரே சாவு. கூலி மட்டும் வேறு! மாசசூசெட்ஸ் 54வது படைப்பிரிவு வீரர்கள், கொடுத்தால் சமமாகக் கொடு, இல்லையேல் வேண்டாம் என்று சம்பளத்தைத் தொட மறுத்தார்கள். குடும்பம் பசித்தது, அவர்கள் போரை நிறுத்தவில்லை. 1864 ஜூனிலேதான் பாராளுமன்றம் சட்டம் செய்தது. இந்தத் தாமதத்துக்கு லிங்கனும் பொறுப்பாளிதான். போர் முடியுமுன் ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர்கள் அந்தக் கொடியின் கீழ் நின்றார்கள். அவர்கள் காட்டிய நம்பிக்கை, கணக்குப் பார்த்துக் கேள்வி கேட்ட நம்பிக்கை.

1864! உள்நாட்டுப் போர் நடுவிலே தேர்தல். கிராண்ட் நடத்திய போரிலே பிணங்கள் குவிந்த கோடைகாலம். ஆகஸ்ட் 23ம் நாள் லிங்கன் ஒரு தாளிலே எழுதி, மடித்து, அமைச்சர்களிடம் நீட்டினார். படிக்காமலே கையெழுத்திடச் சொன்னார். இந்த ஆட்சி தோற்பது உறுதி என்றே தோன்றுகிறது. தோற்றால், வெல்பவர் பதவியேற்கும் நாளுக்குள் அவரோடு ஒத்துழைத்து ஒன்றியத்தைக் காப்பது எம் கடமை என்பது உள்ளே இருந்த செய்தி. எதிர்த்து நிறுத்தப்பட்டவர் யார்? மெக்கிளெல்லன்! எந்தப் படை அவருக்காகக் கண்ணீர் விட்டதோ, அந்தப் படையும் வாக்களிக்கப் போகிறது.

அவருடைய கட்சி, போர் தோல்வி என்று தீர்மானம் போட்டது. அவரோ அதை ஏற்க மறுத்தார். ஆனாலும் அந்தத் தீர்மானம் அவர் கழுத்திலே கல்லாகத் தொங்கியது. செப்டம்பர் 2ல் அட்லாண்டா வீழ்ந்தது. காற்று திசை மாறியது. பத்தொன்பது மாநிலங்கள் களத்திலேயே வாக்களிக்க வழி செய்தன. நவம்பர் 8 வந்தது. அன்றுதான் மெக்கிளெல்லன் தம் படைப் பதவியையும் துறந்தார். சிப்பாய்கள் வரிசையிலே நின்றார்கள். முகாம்களிலே ஆளுங்கட்சியின் கை நீளவில்லை என்று சாதிக்க மாட்டேன்; மாற்றுக் கட்சிச் சிப்பாய்கள் நெருக்கடி பற்றிக் குறை சொன்னதுண்டு. அதையும் கழித்துவிட்டே எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டு மாநிலங்களிலே தனியாக எண்ணப்பட்ட சிப்பாய் வாக்குகளிலே, மெக்கிளெல்லனுக்கு 34,000 அளவில். லிங்கனுக்கு ஏறத்தாழ 1,20,000! நூற்றுக்கு எழுபத்தெட்டு! பொதுமக்கள் தந்ததோ நூற்றுக்கு ஐம்பத்தைந்துதான். (நீண்ட கைதட்டல்)

லிங்கன் வென்றால் போர் நீளும். போர் நீண்டால் சாகப் போவது வாக்களிக்கும் அந்தச் சிப்பாயேதான். அது அவனுக்குத் தெரியும். தெரிந்தே போட்டான். மெக்கிளெல்லன் மீது அவனுக்கு அன்பு போய்விடவில்லை. தொப்பியை வீசி வாழ்த்தியவர்களிலே எத்தனையோ பேர், அவர் பெயருக்கு எதிராகச் சீட்டைப் போட்டுவிட்டு வருந்தியிருப்பார்கள் என்றே நான் எண்ணுகிறேன்.

இன்னொரு சீட்டும் வந்திருக்கிறது. 1951ல் ட்ரூமன் மெக்ஆர்தரை விலக்கினாரே, அதைப் பற்றிச் சொல்க என்று கேட்டிருக்கிறார்கள். மணி பத்தை நெருங்குகிறது. ஒலிபெருக்கிக்காரத் தோழர் என் முகத்தையே பார்த்துக் கொண்டிருக்கிறார். அதை அடுத்த கூட்டத்திலே பேசுவோம். முதல் சீட்டை எழுதிய தோழர் மட்டும் கூட்டம் கலைந்ததும் மேடைப் பக்கம் வந்து, தம் பெயரைச் சொல்லிவிட்டுப் போகவேண்டும் என்று கேட்டு, விடைபெறுகிறேன்.