கறுவாத்தோட்டம் சொல்லும் பாடம்

(வத்தேகமையில் தோட்டக் குடும்பங்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



சிங்களத்தில் ‘வத்த’ என்றால் தோட்டம், ‘கம’ என்றால் ஊர். வத்தேகம என்ற பேரிலேயே இரண்டும் சேர்ந்து கிடக்கு. தோட்டம் ஊராக மாறினால் அங்கே பாடுபட்டவங்க கதி என்ன? இன்றைக்கு அதைத்தான் பேசப் போகிறேன்.

கொழும்பு ஏழு எல்லாருக்கும் தெரியும். பெரிய பங்களாக்கள், தூதரகங்கள், நூதனசாலை. அந்த இடத்துக்குப் பேர் கறுவாத்தோட்டம். அது வெறும் பேர் இல்லை. ஒரு காலத்தில் நிஜத் தோட்டம்.

ஒல்லாந்தர் முதலில் காட்டுக் கறுவாவைத்தான் எடுத்தாங்க. 1769 அளவில், ஆளுநர் பால்க் காலத்தில், கொழும்பிலேயே நட்டு வளர்க்கத் தொடங்கினாங்க. பட்டை உரிக்கிற வேலை சலாகம மக்கள் தலையில் கட்டாயக் கடமையாக விழுந்தது. மரத்தை வெட்டினாலும் களவாகப் பட்டை விற்றாலும் மரண தண்டனை வரைக்கும் சட்டம் இருந்தது.

1796இல் கொழும்பு ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1833இல் கறுவா ஏகபோகம் நீங்கியது. மலிவான வேறு பட்டைகள் சந்தைக்கு வந்ததும் விலை விழுந்தது. கறுவா நின்ற இடத்தில் பங்களா எழும்பியது. 1877இல் நூதனசாலையும் திறந்தாங்க.

அங்கே உள்ள வீதிப் பேர்களைப் பாருங்க: பாண்ஸ் பிளேஸ், ஹோர்ட்டன் பிளேஸ், வார்ட் பிளேஸ். மூன்று பேரும் ஆளுநர்கள். அந்தப் பாண்ஸ்தான் நம்ம கண்டிக்குப் பக்கத்தில் கன்னொறுவையில் கோப்பி நட்ட துரை. பட்டை உரித்தவங்க பேரை யார் சொல்லுறாங்க?

1948இல் நாட்டின் சுதந்திர விழா நடந்ததும் அந்த மண்ணில்தான். சுதந்திர மண்டபம் அதன் நினைவாக நிற்குது. அதே வருசம் வந்த பிரசாவுரிமைச் சட்டம் நம்ம மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. அந்தக் குறையைத் தீர்க்க 2003 வரைக்கும் சட்டம் போட வேண்டியிருந்தது.

இப்போது நம்ம தோட்டங்களிலும் ஊர் முளைக்குது. ஏழு பேர்ச் காணியில் தனி வீடு, இந்திய உதவி வீடு, 2018இல் வந்த புதிய கிராமங்கள் அதிகார சபைச் சட்டம் எல்லாம் அந்த வழிதான். ஆனாலும் எத்தனையோ குடும்பம் இன்னும் லயத்துக் காம்பராவில்தான் இருக்கு.

அதனால் மூன்று காரியம் சொல்லுறேன். வீட்டுச் சாவி மட்டும் போதாது. காணி உறுதியைக் கேளுங்க. அதில் புருசன் பேரோடு பெண்சாதி பேரும் இருக்கட்டும். வீட்டுக்கு இலக்கமும், கடிதம் நேரே வந்து சேர முகவரியும் கேளுங்க. மூன்றாவது, தாத்தா பாட்டி எந்த மலையில் கொழுந்து எடுத்தாங்க, எந்தக் கங்காணியோடு வந்தாங்க என்று கேட்டு, பிள்ளைகள் ஒரு கொப்பியில் எழுதி வையுங்க.

நாளைக்கு நம்ம லயம் இருந்த இடத்தில் வீதி வரும், கடை வரும். அப்போது இங்கே யார் இருந்தாங்க என்று ஒருவர் கேட்டால், உறுதியும் பேசணும், கொப்பியும் பேசணும்.