பேச்சுரிமைக்கு யார் காவல்?



பேச்சுரிமைதான் நமது அரசியலமைப்பிலே எழுதப்பட்டிருக்கின்றதே, பின் எதற்கு இந்தக் கூக்குரல் என்று வினவுவோர் உளர். கமக்காரப் பெருமக்களுக்கு இதன் விடை எளிதில் விளங்கும். காணி உறுதியிலே நாற்புற எல்லையும் திருத்தமாக எழுதப்பட்டிருக்கலாம். அயலவன் வேலியை உள்ளே தள்ளி அடைக்கும்போது அவனைத் தடுக்க ஒரு மன்று இல்லையாயின், அவ்வுறுதி வெறுங் கடதாசியே. வேலி தள்ளும் அயலவருள் மிகப் பெரியது அரசு. (வேலி வழக்குகளால் உண்டு உடுத்த சட்டத்தரணிகளுள் நானும் ஒருவன்; அனுபவத்தாற் சொல்லுகின்றேன்.)

1954ஆம் ஆண்டில் இந்தியாவின் உத்தரப் பிரதேசத்திலே பாசன நீருக்குரிய கட்டணம் உயர்த்தப்பட்டது. உயர்த்திய கட்டணத்தைச் செலுத்த வேண்டாமென்று சோஷலிஸ்டுத் தலைவர் டாக்டர் ராம் மனோகர் லோகியா உழவரிடையே பேசினார். ஆயுதம் எடுத்தாரா? இல்லை. பேசினார், அதற்காகக் கைது செய்யப்பட்டார். எந்தச் சட்டத்தின் கீழ்? வெள்ளையராட்சி 1932இல் இயற்றிய சிறப்பு அதிகாரச் சட்டத்தின் கீழ்! அரசுக்குரிய நிலுவையைச் செலுத்தாதிருக்கத் தூண்டுவதையே அச்சட்டம் குற்றமாக்கியிருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1960 ஜனவரியிலே நீதிபதி சுப்பாராவ் தீர்ப்பளித்தார்: பேச்சுக்கும் பொது ஒழுங்கின் குலைவுக்கும் இடையே அண்மையான தொடர்பு இருத்தல் வேண்டும், தொலைவிலே கற்பனை செய்யும் தொடர்பு போதாது. அச்சட்டப் பிரிவு செல்லாததாயிற்று.

நீதிமன்றுக்கு இவ்வலிமை எங்கிருந்து வந்தது? 1950 மே 26ஆம் திகதி அதே நீதிமன்றம் இரு வார இதழ்களை விடுவித்தது. ஒன்று, சென்னை அரசு தன் எல்லைக்குள் நுழையவிடாது தடுத்த இடதுசாரி இதழாகிய ‘கிராஸ் ரோட்ஸ்’. மற்றது, டில்லியிலே தணிக்கைக்குள்ளான வலதுசாரி இதழாகிய ‘ஆர்கனைசர்’. ஆட்சியாளர் பொறுக்கவில்லை. ஓராண்டு கழிந்து, முதற் பொதுத் தேர்தலுக்கும் முன்னரே, நேரு அரசு அரசியலமைப்பைத் திருத்திப் ‘பொது ஒழுங்கு’ என்னும் காரணத்தைப் புகுத்தியது. எனினும் அத்திருத்தத்திலேயே, கட்டுப்பாடுகள் ‘நியாயமானவையாக’ இருத்தல் வேண்டுமென்ற சொல்லும் இடம்பெற்றது. அந்த ஒரு சொல்லே ஒன்பது ஆண்டுகளின் பின் லோகியாவைக் காத்தது.

இனி நம் நாட்டைப் பாருங்கள். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பேச்சுரிமையைத் தருகின்றது. அடுத்த உறுப்புரை, சட்டத்தினால் விதிக்கப்படும் கட்டுப்பாடுகளுக்கு அது உட்பட்டதென்கின்றது. நியாயமான கட்டுப்பாடுகளா? அச்சொல்லை அங்கே காணோம். 16ஆம் உறுப்புரை, முன்னரே உள்ள சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாயிருந்தாலும் செல்லுமென்கின்றது. லோகியா இங்கே வழக்காடியிருந்தால் அந்த 1932ஆம் ஆண்டுச் சட்டத்தை யார் அசைத்திருப்பார்? 80ஆம் உறுப்புரையோ, சபாநாயகர் சான்றுரை எழுதியபின் எச்சட்டத்தின் செல்லுபடியையும் எந்நீதிமன்றும் கேள்விக்குட்படுத்தலாகாதென்று கதவையே சாத்துகின்றது. சட்டமூலமாக இருக்கும் சில நாட்களுக்குள் வழக்கிட்டால் உண்டு, தவறினால் இல்லை.

முடிக்குரிய நாடாக இருந்த காலத்திலே, பாராளுமன்றமும் அரசியலமைப்புக்கு அடங்கியதே என்று 1964இல் இலண்டன் பிரிவி கவுன்சில் இலங்கை வழக்கொன்றிலே தீர்த்தது. 1972இல் குடியரசானோம், இயற்றப்பட்ட சட்டத்தை வினவும் அதிகாரத்தை நீதிமன்றங்கள் இழந்தன. விந்தையான குடியரசு!

நமது நீதிபதிகளிடம் குறைகாண்பது என் நோக்கமன்று. துண்டுப் பிரசுரம் வழங்கப் பொலிசாரின் அனுமதி வேண்டுமென்ற அவசரகால ஒழுங்குவிதியை 1987இல் நமது உயர் நீதிமன்றமே செல்லாதென்றது. அது ஒழுங்குவிதியாக இருந்தமையாற்றான் அது முடிந்தது. அதே வாசகம் பாராளுமன்றத்திலே சட்டமாக நிறைவேறியிருந்தால், அந்நீதிபதிகளின் கைகள் கட்டப்பட்டிருக்கும்.

ஆகவே, புதிய அரசியலமைப்பு வரைவொன்றை எக்கட்சியார் உங்கள் முன் விரித்தாலும், பேச்சுரிமையைப் போற்றும் முதல் வரியோடு நின்றுவிடாதீர்கள். 15, 16, 80 ஆகிய உறுப்புரைகளுக்கு என்ன நேர்ந்ததென்று அவர்களை மேடையிலேயே கேளுங்கள்.