சம்மனை அலமாரியில் வைக்காதீர்கள்

(நமது சங்கத்தின் நாக்பூர் கிளை மாதாந்திரக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியான உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காரியதரிசி என்னிடம் "ஏதாவது பயனுள்ள விஷயமாகப் பேசுங்கோ" என்று கேட்டுக்கொண்டார். கடன் வழக்கைப் பற்றிப் பேசுகிறேன் என்றதும் கொஞ்சம் தயங்கினார். நம் கூட்டத்தில் இதையெல்லாம் பேசலாமா என்பது அவர் தயக்கம். அந்தத் தயக்கம்தான் இன்று பேசப்போகும் விஷயத்துக்கு முதல் காரணம் என்று சொல்லித்தான் அனுமதி வாங்கினேன்.

நம்மில் ஒருவர். பெயர் வேண்டாம். பெண் கல்யாணத்துக்காக ஒரு தனிநபர் கடனும், கிரெடிட் கார்டு பாக்கியுமாகச் சுமார் 3 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் நின்றுபோயிற்று. 2018-ல் வங்கியோடு பேசி, 1 லட்சத்து 45 ஆயிரம் ஒரே தவணையாகக் கட்டி, கணக்கை முடித்துக்கொண்டார். வங்கி கடிதமும் கொடுத்தது. அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு இரும்பு அலமாரியில் பத்திரமாக வைத்தார். 2021-ல் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. வாதி யார் என்று பார்த்தால், கேள்விப்பட்டே இராத ஒரு கம்பெனி. அது இன்ன டிரஸ்டின் டிரஸ்டி என்று ஒரு நம்பர் வேறு. "இவனிடம் நான் கடனே வாங்கவில்லையே, ஏதோ மோசடி" என்று நினைத்தார். மாமியிடம் சொன்னால் கவலைப்படுவாள், பிள்ளையிடம் சொன்னால் கௌரவக் குறைச்சல். சம்மனையும் அதே அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

கோர்ட்டில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள், ஆள் இல்லை. ஒருதலைப்பட்சமாக 6 லட்சத்து 80 ஆயிரத்துக்கு டிக்ரி ஆகிவிட்டது. பேரனுடைய ஆயுஷ்ஹோமத்துக்குச் சாமான் வாங்கப் பணம் எடுக்கப் போனபோதுதான் கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. பென்ஷன் வருகிற கணக்கு அது.

ஒரு பைசா பாக்கியில்லாத மனிதர். அதற்குச் சான்றாகக் கடிதம் கையில் இருக்கிறது. கடிதமும் சம்மனும் ஒரே அலமாரியில், ஒரு முழம் இடைவெளியில் இரண்டு வருஷம் இருந்திருக்கின்றன. யாரும் இரண்டையும் சேர்த்து ஒரு வக்கீலிடம் கொண்டுபோகவில்லை.

அந்தக் கம்பெனி யார் என்பதைச் சொல்கிறேன். 2002ஆம் வருஷம் வந்த சர்பேசி சட்டத்தின்கீழ், வராக்கடன்களை வங்கிகளிடமிருந்து விலைக்கு வாங்குவதற்கென்றே சொத்து மறுசீரமைப்பு நிறுவனங்கள் ரிசர்வ் வங்கியில் பதிவு செய்துகொண்டு நடக்கின்றன. 'ஏஆர்சி' என்பார்கள். கடனை முகமதிப்பைவிடக் குறைந்த விலைக்கு வாங்குவார்கள். வாங்கிய பிறகு வங்கியின் இடத்தில் நின்று அவர்களே வசூலிக்கலாம், வழக்குப் போடலாம். அதில் சட்டவிரோதம் எதுவும் கிடையாது. ஆகவே "இவன் யார்?" என்று சிரித்துவிட்டுப் போக முடியாது. "நீ வாங்கியதற்கு ஆதாரம் எங்கே?" என்று கோர்ட்டில் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கடைசி நான்கு வருஷம் என் உத்தியோகம் இந்த விற்பனைப் பட்டியல்களைத் தயாரிப்பதுதான். ஒவ்வொரு கணக்காகக் கோப்பைத் திறந்து பார்த்து விற்பதாக நினைக்காதீர்கள். ஆயிரக்கணக்கான கணக்குகள் கம்ப்யூட்டரில் ஒரே தாளில் வரிசையாக இருக்கும். பெயர், கணக்கு எண், அசல், வட்டி, கடைசியாகப் பணம் கட்டிய தேதி. மாதக் கடைசிக்குள் முடிக்க வேண்டும் என்று மேலிடத்து நெருக்கடி. சமரசம் செய்து முடித்த கணக்கில் "முடிந்தது" என்ற குறி ஏறாமல் இருந்தால் அதுவும் மூட்டையோடு போய்விடும். போயிருக்கிறது. அப்படிப்பட்ட பட்டியல்களில் என் கையெழுத்தும் உண்டு. அதனால்தான் சொல்கிறேன்: வாங்கியவனிடம் பல சமயம் அந்த ஒரு வரிதான் இருக்கும். உங்கள் ஒப்பந்தம், கட்டிய ரசீது, சமரசக் கடிதம் எல்லாம் பழைய கிளையில் ஏதோ ஒரு பெட்டியில் தூங்கும். பிரதிவாதி வந்து கேட்டால் வாதி தேட வேண்டும். வராவிட்டால் அந்த ஒரு வரியே டிக்ரிக்குப் போதுமானதாகிவிடலாம்.

சரி, சம்மன் வந்துவிட்டது. முதலில் அது நிஜமா என்று பாருங்கள். போலி நோட்டீஸ்கள் வாட்ஸ்அப்பில் நிறைய உலவுகின்றன. வழக்கு எண் அல்லது 16 இலக்க சிஎன்ஆர் எண் இருந்தால் ஈ-கோர்ட்ஸ் தளத்தில் போட்டுப் பார்க்கலாம். வழக்கு இருந்தால் அடுத்த வாய்தா தேதியோடு வரும். பேரப் பிள்ளைகள் இரண்டு நிமிஷத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். தபால்காரரிடம் வாங்க மறுத்துவிட்டால் தப்பித்தோம் என்று சிலர் நினைக்கிறார்கள். மறுத்தால் சேர்ந்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும்.

அடுத்தது நாள் கணக்கு. சாதாரண சிவில் வழக்கில் சம்மன் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்து மூலமான பதில் போட வேண்டும். கோர்ட் அனுமதித்தால் 90 நாள் வரை. அதற்கும் மேல் விதிவிலக்காகத்தான். 3 லட்சம் அல்லது அதற்கு மேற்பட்ட தொகையை வணிக வழக்காகப் போட்டிருந்தால் 120வது நாளோடு கதவு சாத்தப்படும். பிறகு நீதிபதி நினைத்தாலும் திறக்க முடியாது. சுப்ரீம் கோர்ட் 2019-ல் அப்படித்தான் சொன்னது. சம்மனில் 'ஆர்டர் 37' என்று இருந்தால் அது சுருக்க முறை வழக்கு. 10 நாளுக்குள் ஆஜராவதைப் பதிவு செய்ய வேண்டும், பிறகு எதிர்வாதம் செய்யத் தனியாக அனுமதியும் கேட்க வேண்டும். 20 லட்சமும் அதற்கு மேலும் என்றால் சிவில் கோர்ட்டுக்குப் பதிலாகக் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போவார்கள். அங்கும் 30 நாள்தான்.

பதில் எழுதும்போது "எல்லாவற்றையும் மறுக்கிறேன்" என்று பொத்தாம் பொதுவாக எழுதிப் பயனில்லை. பிராதில் ஒவ்வொரு பாராவுக்கும் தனித்தனியே பதில் வேண்டும்; திட்டமாக மறுக்காததை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். என்ன மறுப்பது என்பதற்குப் போபாலில் இருக்கும் ஒரு மாமியின் வழக்கைச் சொல்கிறேன். அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன்.

அவர் ஆத்துக்காரர் 2015-ல் 4 லட்சம் தனிநபர் கடன் வாங்கினார். 2017 ஆகஸ்டில் காலமானார், தவணையும் நின்றது. அந்த டிசம்பரில் முழுத்தொகையையும் கட்டச்சொல்லி வங்கி நோட்டீஸ் அனுப்பியது, காலமானவர் பெயருக்கே. 2023 ஆகஸ்டில் கடனை வாங்கிய கம்பெனி, வாரிசு என்ற முறையில் மாமிமேல் வழக்குப் போட்டது. கேட்ட தொகை 9 லட்சத்துச் சொச்சம்.

மாமி போனில் என்னிடம் முதலில் கேட்டது, "மாமா, போலீஸ் வருவாளா?" என்றுதான். வரமாட்டார்கள். இது சிவில் விஷயம். பண டிக்ரிக்காகப் பெண்களைக் கைது செய்யச் சட்டத்தில் இடமே கிடையாது. வாரிசின் பொறுப்பும் இறந்தவர் விட்டுச்சென்ற சொத்து கைக்கு வந்த அளவுக்குத்தான். சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து கொடுக்க வேண்டியதில்லை.

காகிதங்களை வரவழைத்துப் பார்த்தேன். கடன் விற்பனைப் பத்திரம் இருந்தது. ஆனால் எந்தெந்தக் கணக்குகள் விற்கப்பட்டன என்ற இணைப்பு அதில் இல்லை. மாமியின் ஆத்துக்காரர் கணக்கு அந்த மூட்டையில் இருந்தது என்று எப்படி நம்புவது? இதைப் பதிலில் முதல் பாராவாக வைக்கச் சொன்னேன். அடுத்து, அவர்களே தாக்கல் செய்திருந்த கணக்கு ஸ்டேட்மெண்டின் முதல் பக்கம். கடன் கொடுத்த அன்றே 11,400 ரூபாய் 'இன்ஷூரன்ஸ் பிரீமியம்' என்று பிடித்திருக்கிறார்கள்! கடன்காரர் இறந்தால் பாக்கியைக் கட்டுவதற்கான பாலிசி அது. ஆத்தில் யாருக்கும் தெரியாது. வங்கியும் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. வங்கியிடம் நாம் எடுத்து வைக்கக்கூடிய வாதத்தைக் கடனை வாங்கியவனிடமும் எடுத்து வைக்கலாம் என்பது சொத்து மாற்றுச் சட்டத்தின் 132வது பிரிவு. என் முப்பது வருஷ வங்கி உத்தியோகத்தில் அந்தப் பிரிவை நான் படித்ததில்லை, வெட்கத்தோடு சொல்கிறேன்.

மூன்றாவது, காலவரம்பு. இப்படிப்பட்ட கடனுக்கு வழக்குப் போட மூன்று வருஷம். 2017 டிசம்பரிலிருந்து எண்ணினால் 2020 டிசம்பர். ஆனால் கொரோனாவை முன்னிட்டு 15-3-2020 முதல் 28-2-2022 வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டிருக்கிறது. அதைக் கழித்தால் 2022 டிசம்பர் வரை வருகிறது. வழக்கு வந்தது 2023 ஆகஸ்டில். காலம் கடந்துவிட்டது.

இந்த இடத்தில்தான் ஒரு சிக்கல். 2021-ல் ஒரு வசூல் ஏஜெண்ட் போன் செய்து, "2,000 ரூபாயாவது போடுங்கள், கணக்கை நிறுத்தி வைக்கிறேன்" என்று மாமியின் பிள்ளையிடம் இதமாகப் பேசியிருக்கிறான். பையனும் போனிலேயே அனுப்பிவிட்டான். காலவரம்பு முடிவதற்குள் ஒரு பகுதி கட்டி, அதற்குக் கட்டியவருடைய கையெழுத்திட்ட எழுத்தும் இருந்தால், மூன்று வருஷம் புதிதாக ஆரம்பிக்கும். வாதி அந்த 2,000 ரூபாயைத்தான் பிடித்துக்கொண்டு தொங்கினார். கையெழுத்திட்ட எழுத்து எதுவும் இல்லை என்று நம் வக்கீல் வாதித்தார். ஆகவே, பழைய கடனுக்குச் சின்னத் தொகை கேட்டு யாராவது போன் செய்தால், தயவுசெய்து உடனே அனுப்பிவிடாதீர்கள். காலவரம்பு முடிந்த பிறகும்கூட, கட்டுகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அது புது ஒப்பந்தமாக உயிர் பெற்றுவிடும்.

சென்ற கூட்டத்தில் இதை லேசாகச் சொன்னபோது ஒரு பெரியவர், "வாங்கின கடனை ஏமாத்த வழி சொல்றேளா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வாங்கியது வாங்கியதுதான், கொடுக்க வேண்டியதைக் கொடுக்க வேண்டும் என்று எண்ணுகிறவன்தான் நானும். ஆனால் எவ்வளவு, யாருக்கு என்பதை எதிர்க்கட்சி சொன்னபடியே ஒப்புக்கொள்வது தர்மம் ஆகாது. போபால் மாமியும் அதைத்தான் கேட்டார். "அவர் வாங்கினது பொய் இல்லையே. நெஜமா எவ்வளவு பாக்கி, அதைச் சொல்லுங்கோ." வாதி நாலு வாய்தா வாங்கியும் இணைப்பையும் கொண்டுவரவில்லை, பாலிசி விவரத்தையும் கொண்டுவரவில்லை. கடைசியில் லோக் அதாலத்தில் 75,000 ரூபாய்க்கு முடித்துக்கொள்ளத் தயார் என்றார்கள். வேண்டாம், வழக்கு நமக்குச் சாதகம் என்று நானும் வக்கீலும் சொன்னோம். மாமி கேட்கவில்லை, கொடுத்துவிட்டார். பாக்கி இல்லை என்ற கடிதத்தைக் கையில் வாங்கிய பிறகுதான் எழுந்து வந்தார். லோக் அதாலத் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. சம்மதம் இல்லையென்றால் அங்கே கையெழுத்துப் போடாமல் வந்துவிடலாம். யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

வக்கீலுக்குக் கொடுக்க வசதி இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணையத்துக்குப் போகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே இலவச வக்கீல் தருவார்கள். மாமிக்கு அப்படித்தான் கிடைத்தது, நல்ல வக்கீலும்கூட. வீட்டை அடமானம் வைத்த கடனுக்கு வழி வேறு; 60 நாள் நோட்டீஸ் வரும், அதற்கு அந்தக் கெடுவுக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். ஆர்பிட்ரேஷன் நோட்டீஸ் வந்தால், நடுவரைக் கடன் கொடுத்தவனே தன்னிச்சையாக நியமித்திருக்கிறானா என்று பாருங்கள். அப்படிச் செய்யக் கூடாது என்று 2019-லும், அரசியல் சாசன பெஞ்சாக 2024-லும் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. ஆட்சேபத்தை உடனே எழுதி அனுப்ப வேண்டும்.

நம் நாக்பூர் நண்பர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். டிக்ரியை ரத்து செய்ய 30 நாள் கெடு. அது எப்போதோ தாண்டிவிட்டது. தாமதத்தை மன்னிக்கக் கோரி மனுப் போட்டு, 14 மாதம் அலைந்து, பாதித்தொகையைக் கோர்ட்டில் கட்டு என்ற நிபந்தனையோடு வழக்கு மறுபடி திறக்கப்பட்டது. 3 லட்சத்து 40 ஆயிரம். பிக்சட் டெபாசிட்டை உடைத்தார். பென்ஷனை ஜப்தி செய்யக் கூடாது. பென்ஷனும் கிராஜுவிட்டியும் டெபாசிட்டாக மாறினாலும் அந்தப் பாதுகாப்பு போகாது என்று 2008-லேயே தீர்ப்பு இருக்கிறது. அதையும் யாரோ எடுத்துச் சொன்ன பிறகுதான் அவர் கணக்கு விடுபட்டது. சமரசக் கடிதத்தைத் தாக்கல் செய்த இரண்டாவது வாய்தாவில் வாதி வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டார். கட்டிய பணம் திரும்பி வந்தது. இதையெல்லாம் முதல் மாதத்திலேயே ஒரு பதிலில் முடித்திருக்கலாம் என்று அவரே என்னிடம் சொன்னார். இன்று அவர் இந்தச் சபையில்தான் உட்கார்ந்திருக்கிறார். இதைப் பேசுங்கோ என்று சொன்னவரும் அவர்தான்.

உத்தியோகத்தில் ஊர் ஊராக மாற்றலாகிப் போனவர்கள் நாம். புனேயில் வாங்கிய கடனுக்கு, பெங்களூரில் பிள்ளையோடு இருப்பவருக்குப் பழைய விலாசத்தில் சம்மன் போகும். பழைய கடன் இருந்தவர்கள் விலாச மாற்றத்தை எழுத்தில் தெரிவித்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். பழைய குடியிருப்பு வாட்ச்மேனிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

ஒவ்வொரு மாதமும் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நம் சங்க அறையில் இருப்பேன். வக்கீலாக அல்ல, காகிதங்களைப் படித்து அடுக்கித் தருவதற்காக. வெளியூர் அன்பர்கள் நகல் அனுப்பலாம். வருகிறவர்கள் சம்மனை மட்டும் எடுத்து வராதீர்கள், அது வந்த கவரையும் கிழிக்காமல் கொண்டுவாருங்கள். 30 நாளை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்பதற்கு அதிலுள்ள தபால் முத்திரை உதவும்.