மாலை நேரத்து அழைப்பு



உரோமையில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், குருக்களாகிய நாங்கள் மூவர் ஒரு கோடை விடுமுறையில் கேம்பர் வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்து, நடு இத்தாலியின் மலையூர்களைப் பார்க்கப் புறப்பட்டோம். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி அது. யாரிடமும் ஒரு குவளைத் தண்ணீர்கூடக் கேட்க வேண்டியதில்லை. காலையில் ஓர் ஊர், மதியம் ஓர் ஊர், மாலையில் ஓர் ஊர் என்பது எங்கள் திட்டம்.

மூன்றாம் நாள் சிவித்தா தி பாஞ்ஞோரேஜோ என்ற ஊரை அடைந்தோம். மறைவல்லுநர் புனித பொனவெந்தூர் பிறந்த மண் அது. ஊர் எரிமலைப் பாறையின் உச்சியில் நிற்கிறது. பாறைக்கு அடியில் களிமண். மழையும் காற்றும் அரித்து, ஓரத்து வீடுகள் பல பள்ளத்தில் சரிந்துவிட்டன. 1695-ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பின் ஆயரும் பக்கத்து ஊருக்கு மாறிப் போனார். இன்று ஆண்டு முழுவதும் அங்கே குடியிருப்பவர்கள் வெகு சிலரே. "சாகும் ஊர்" என்றே அதைச் சொல்கிறார்கள். ஊருக்குள் வேன் போகாது. 1965-இல் கட்டிய நடைபாலத்தில் ஏறிப் போனோம்.

ஆலயத்தருகே ஒரு வீட்டு வாசலில் வயதான தாய் ஒருவர் உட்கார்ந்திருந்தார். எங்கள் கழுத்துச் சிலுவையைப் பார்த்து, "குருக்கள்தானே? மாலையில் என்னோடு செபமாலை சொல்ல இருப்பீர்களா?" என்று கேட்டார். இருட்டுவதற்குள் இன்னோர் ஊர் பார்க்க வேண்டும் என்று சொல்லி, ஆசீர் அளித்து வந்துவிட்டோம்.

அன்றிரவு வேனில் மூவருக்கும் சோறு இறங்கவில்லை. எங்களிடம் இல்லாதது எதுவுமில்லை. அவர் கேட்டதோ அரை மணி நேரம். அந்த வழியே மறுபடி போக எங்களுக்கு வாய்க்கவே இல்லை.

அன்பானவர்களே, எம்மாவு வழியில் ஆண்டவரும் அப்பால் போகிறவர்போலத்தான் காட்டிக்கொண்டார். ஆனால் தங்கும்படி சீடர்கள் கேட்டபோது உள்ளே போய்த் தங்கினார். அவர்கள் அவரைக் கண்டுகொண்டது நடந்த வழியில் அல்ல, அமர்ந்த பந்தியில். நாங்களோ அப்பால் போய்விட்டோம்.

தனியாக இருக்கும் பெற்றோர், நோயில் படுத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர், பேச ஆளில்லாத விதவைத் தாய் என்று நம் பங்கிலும் வாசலில் காத்திருப்பவர்கள் உண்டு. இந்த வாரம் அவர்களில் ஒருவர் "கொஞ்சம் இருந்துவிட்டுப் போங்களேன்" என்று சொல்வார். அப்போது நாம் கடிகாரத்தைப் பார்க்காதிருப்போம். உட்காருவோம். கேட்கும் அந்தக் குரலில் ஆண்டவரே நம்மை அழைக்கிறார்.

அந்த அருளுக்காக மன்றாடுவோம். ஆமென்.