கீலும் முழங்காலும்



கதவைத் தாங்கும் கீலை அறிவீர்கள். உடலின் மூட்டுக்கும் தமிழில் கீல் என்றே பெயர். கீல்வாதம் என்னும் சொல்லை நினைவிற் கொள்க. ஆயினும் முழங்கால் வெறும் கதவுக் கீலன்று. மடங்கி நிமிர்வதோடு அது சிறிது திரும்பவும் செய்கிறது. எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நான்கு நார்கள் அதனை நிலைபெயராமற் காக்கின்றன.

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் எனக்குப் பழக்கமான முதிய நெசவாளர் ஒருவர் உண்டு. குழித்தறியில் பல்லாண்டு மிதி மிதித்தவர். அவருக்குப் பொருத்திய செயற்கை மூட்டு நாளடைவில் தளர்ந்தது. எலும்பு கரைந்து, பக்க நார்களும் பயனற்றுப் போனமையால், மறு அறுவையில் கீல் மூட்டே வேண்டும் என்றனர் மருத்துவர். “ஐயா, இத்தனை உறுதியானதை முதலிலேயே வைத்திருக்கலாகாதா?” என்று அவர் என்னை வினவினார்.

நல்ல வினா. விடை வரலாற்றில் உள்ளது. 1890-இல் பெர்லின் நகரில் குளுக் என்னும் மருத்துவர் யானைத் தந்தத்தால் கீல் மூட்டுச் செய்து பொருத்தினார். நோய்த்தொற்றினால் அம்முயற்சி நிலைக்கவில்லை. 1950-களில் சுவீடன் நாட்டு வால்டியஸ் வேறொரு கீலை அமைத்தார். அத்தகைய பழங்கீல்கள் ஒரே அச்சில் மட்டும் மடங்கின. கால் திரும்பும்போதெல்லாம் அந்த முறுக்குவிசை எலும்பைத் தாக்கியது, மூட்டும் தளர்ந்தது. எனவே 1970-களில், கீலின்றி, உடலின் நார்களையே துணைகொள்ளும் மூட்டுகள் பெருகின. இன்றும் முதல் அறுவைக்குப் பெரும்பாலும் அவையே ஏற்றவை.

நார்கள் அழிந்தவிடத்து அவற்றின் வேலையைக் கீல் ஏற்கிறது. இக்காலக் கீல் ஓரளவு திரும்பவும் வல்லது. தொடையெலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் நீண்ட தண்டுகளால் ஊன்றி நிற்பது. எலும்புப் புற்றுநோயால் முழங்காலை ஒட்டிய எலும்பை அகற்ற நேர்ந்தவர்க்கும் இதுவே கைகொடுக்கிறது. சென்னையில் அத்தகையோரின் காலை வெட்டாமற் காக்கும் மருத்துவத்தில் பெயர்பெற்ற மயில்வாகனன் நடராஜன் 2007-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

ஆயினும் கீல் மூட்டிலும் தொற்றும் தளர்ச்சியும் நேர்வதுண்டு. அது தளர்ந்தால் மீண்டும் ஊன்ற எஞ்சிய எலும்பும் குறைவு. ஓர் இழை அறுந்தால் நெசவாளர் அதனை முடிந்து கொள்வார். நல்ல பாவை அறுத்தெறியார். உள்ளதைக் காப்பதே மருத்துவத்திலும் முதல் நெறி.

உங்கள் வீட்டு முதியவரின் செயற்கை மூட்டில் வலி மீண்டாலோ, வீக்கம் தோன்றினாலோ, எண்ணெய் தடவி நாள் கடத்த விடாதீர்கள். மருத்துவரிடம் உடனே அழைத்துச் செல்லுங்கள். காலத்தே கண்டால் எலும்பும் எஞ்சும், நடையும் எஞ்சும்.